திரும்பி வர யாருக்கு எந்தக் கலத்தில் இடம்? – விண்வெளி நிலையப் பயணங்கள் பற்றி ஒரு சந்தேகம்

வான்நோக்கி எழுதியது:

நெடுநாளாக உறுத்தும் சந்தேகம் இது. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு அமெரிக்காவும் ரஷ்யாவும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முறுக்கிக்கொண்டன. அதே ஆண்டு ஜூலையில் நாசாவும் ரஷ்ய விண்வெளி நிறுவனமான ராஸ்காஸ்மாஸும் சர்வதேச விண்வெளி நிலையப் பயணங்களுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டன: உங்கள் ஆள் எங்கள் கலத்தில், எங்கள் ஆள் உங்கள் கலத்தில். செப்டம்பரில் அமெரிக்கர் பிராங்க் ரூபியோ ரஷ்யாவின் சோயுஸ் எம்எஸ்-22 கலத்தில் கஜகஸ்தானிலிருந்து கிளம்பினார். அக்டோபரில் ரஷ்யாவின் அன்னா கிகினா அமெரிக்க நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் புளோரிடாவிலிருந்து போனார். இதில் பணம் கைமாறவில்லை என்கிறார்கள்.

இருவரிடமும் சொந்தக் கலம் இருக்கிறது. அவரவர் ஆளை அவரவர் கலத்தில் அனுப்பிவிட்டுப் போகலாமே? மொழி படிக்க வேண்டும், இரண்டு நாட்டிலும் பயிற்சி எடுக்க வேண்டும், இவ்வளவு தொல்லை எதற்கு? வெறும் நட்புப் புகைப்படத்துக்காகவா?

கடைசிபெஞ்ச் எழுதியது:

2011இல் நாசாவின் ஷட்டில் விண்வெளி ஓடம் ஓய்வு பெற்றதிலிருந்து 2020இல் டிராகன் பறக்கும் வரை நாசாவுக்குச் சோயுஸை விட்டால் வழியில்லை. கடைசிக் காலத்தில் ஒரு சீட்டுக்கு 9 கோடி டாலர் வரை எண்ணிக் கொடுத்தார்கள். இப்போது இலவசமாக ஏற்றிக்கொள்கிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

சுற்றுப்பாதை எழுதியது:

கடைசிபெஞ்ச், இலவசம் என்பது சரியில்லை. ஒரு சீட் வாங்கினால் ஒரு சீட் கொடுக்க வேண்டும். ஆக யாருக்கும் லாபமில்லை. காரணம் வேறு.

நிலையத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எந்த நொடியிலும் கிளம்பிவர ஓர் இடம் இருக்க வேண்டும். அங்கே எல்லா முடிவுக்கும் அடியில் கிடக்கும் விதி இதுதான். டிராகனோ சோயுஸோ, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவதில்லை. அவர்கள் தங்கும் ஆறு மாதமும் வாசலிலேயே இணைந்து நிற்கும். தீ, காற்றுக் கசிவு, யாருக்காவது நோய், எது வந்தாலும் வந்த கலத்திலேயே ஏறி இறங்கிவிடலாம்.

2021 நவம்பரில் ரஷ்யா தன் பழைய செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்த்தபோது 1500க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. அன்று நிலையத்தில் இருந்த 7 பேரும் அவரவர் கலத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்: டிராகனில் நால்வர், சோயுஸில் மூவர்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். சோயுஸில் ரஷ்யர்கள் மட்டும், டிராகனில் அமெரிக்கர்கள் மட்டும் போகிறார்கள் என்று வையுங்கள். ஏதோ கோளாறில் சோயுஸ் அவசரமாகக் கிளம்பினால் ரஷ்யப் பகுதியை இயக்கத் தெரிந்த ஓர் ஆள்கூட மேலே இருக்கமாட்டார். டிராகன் கிளம்பினால் அமெரிக்கப் பகுதிக்கு அதே கதி. நிலையத்தின் உயரத்தை ஏற்றிப் பிடிக்கும் வேலையில் பெரும்பங்கு ரஷ்ய எஞ்சின்களுடையது. மின்சாரத்தில் பெரும்பங்கும், நிலையத்தைத் திருப்பி நிறுத்தும் ராட்சத கைரோஸ்கோப்புகளும் அமெரிக்கப் பகுதியுடையவை. ஒன்றை விட்டு மற்றொன்று ஓடாது.

அதனால் ஒவ்வொரு கலத்திலும் இரு தரப்பிலிருந்தும் குறைந்தது ஒருவர். எந்தக் கலம் கிளம்பினாலும் மீதியிருப்பவர்களில் இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் இருப்பார்கள். நட்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

அரைப்பக்கம் எழுதியது:

ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவரை மட்டும் அனுப்ப முடியாதா? கூட வந்தவர்கள் ஏன் போக வேண்டும்?

கடைசிபெஞ்ச் எழுதியது:

கல்யாணத்துக்கு வேன் பேசிப் போனவர்கள் நிலைதான். ஒருத்தருக்கு வயிற்றைக் கலக்கினால் வேனே திரும்பும். மிச்சப் பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து வர வேண்டியதுதான். :)

சுற்றுப்பாதை எழுதியது:

அதேதான். கலம் போய்விட்டால் மீதிப் பேருக்குத் திரும்ப இடமில்லை.

இதை எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சில நேரம் சோயுஸை ஒரு இணைப்பு வாசலிலிருந்து கழற்றி, சில பத்து மீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு வாசலில் மாட்டுவார்கள். அந்தச் சிறு நகர்வுக்கும் அதில் வந்த மூவரும் உடை மாட்டி உள்ளே ஏற வேண்டும். மறுபடி இணைக்க முடியாமல் போனால் அப்படியே பூமிக்கு வந்துவிட வேண்டும் என்பதால். ஒருவர் மட்டும் ஓட்டிப் போனால் மற்ற இருவரும் கலமில்லாமல் நிற்பார்கள் அல்லவா?

நீலப்புள்ளி எழுதியது:

சீட் என்றால் பஸ் சீட் மாதிரி யாரும் உட்காரக்கூடியது என்று நினைத்துவிடாதீர்கள், குறிப்பாகச் சோயுஸில். ஒவ்வொருவர் உடம்புக்கும் தனியாக வார்ப்பெடுத்த ஓர் உள்படுக்கை உண்டு. வீரரை உள்ளாடையோடு ஒரு தொட்டியில் படுக்கவைத்து, சுற்றிலும் ஜிப்சம் கூழை ஊற்றி, முதுகின் வளைவை அப்படியே அச்சு எடுப்பார்கள். தலைப்பக்கம் கொஞ்சம் இடம் விடுவார்கள். எடையில்லாமல் மாதக்கணக்கில் இருந்தால் முதுகெலும்பு நீண்டு, ஆள் சில சென்டிமீட்டர் வளர்ந்துவிடுவார்.

சோயுஸ் புல்வெளியில் இறங்குகிறது. தரையைத் தொட ஒரு மீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது சிறு ராக்கெட்டுகள் வெடித்து வேகத்தைக் குறைக்கும். அப்படியும் இறங்குவது மோதல் மாதிரிதான் இருக்கும் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். வேறொருவர் படுக்கையில் படுத்து அந்த அடி வாங்கினால் முதுகு என்னாகும்? ஆகவே யாரையாவது ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது என்றால் அந்தப் படுக்கையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். படுக்கை எங்கே மாட்டியிருக்கிறதோ, ஆள் அந்தக் கலத்துக்குச் சொந்தம்.

வான்நோக்கி எழுதியது:

சுற்றுப்பாதை, நீலப்புள்ளி, இருவருக்கும் நன்றி. ஒரு கேள்வி. வந்த கலமே பழுதானால்? எல்லோருக்கும் இடம் உண்டு என்ற கணக்கு அப்போது நிற்குமா?

நீலப்புள்ளி எழுதியது:

பழுதாகியிருக்கிறது. நீங்கள் முதல் பதிவில் சொன்ன அதே எம்எஸ்-22தான்.

2022 டிசம்பர் நடுவில், ரூபியோவோடு அதே கலத்தில் வந்த ரஷ்யர்கள் செர்கெய் புரோகோபியெவும் திமித்ரி பெத்தெலினும் வெளியே நடக்கத் தயாராக விண்வெளி உடைக்குள் இருந்தார்கள். அந்த நேரத்தில், சோயுஸின் பின்பக்கத்திலிருந்து ஏதோ வெள்ளைத் துகள்கள் பீய்ச்சிக்கொண்டு போவது கேமராவில் தெரிந்தது. நேரடி ஒளிபரப்பில் உலகமே பார்த்தது. மணிக்கணக்கில் நின்றபாடில்லை. குளிர்விப்புத் திரவம் முழுக்க வெளியேறிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் குழாயில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத துளை. நுண்விண்கல் அடித்திருக்கும் என்பதுதான் இரு தரப்பும் கடைசியில் வந்த முடிவு. நடை ரத்து.

கலம் ஓடும், எஞ்சின் வேலை செய்யும். ஆனால் வெப்பத்தை வெளியே தள்ள வழியில்லை. பிரிந்து, இறங்கி, தரை தொடும்வரை மூன்று பேர் அந்தச் சின்னக் கூண்டுக்குள் அடைந்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பம் விடும். அதோடு கணினிகளின் சூடு வேறு. உள்ளே 40 டிகிரியும் தாங்க முடியாத ஈரப்பதமும் ஆகிவிடலாம் என்று கணித்தார்கள்.

என்ன செய்தார்கள் தெரியுமா? மாற்றுக் கலம் வரும்வரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு. 2023 ஜனவரியில் ரூபியோவின் படுக்கையை மட்டும் கழற்றி, பக்கத்தில் நின்ற டிராகனுக்குள் கொண்டுபோய், நான்கு சீட்டுகளுக்குக் கீழே சரக்கு வைக்கும் இடத்தில் கட்டினார்கள். அவசரம் வந்தால் டிராகனில் ஐந்து பேர், சோயுஸில் இரண்டு பேர். ஓர் உடம்பு குறைந்தால் சோயுஸ் உள்ளே அவ்வளவு சூடு குறையும். ரூபியோ டிராகனுக்குப் போனது அவரைக் காப்பாற்ற மட்டுமில்லை, மற்ற இருவரையும் காப்பாற்றத்தான்.

பிப்ரவரியில் எம்எஸ்-23 ஆளில்லாமல் வந்து இணைந்தது. மூன்று படுக்கையும் அதற்கு மாறின. பழுதான கலம் மார்ச்சில் ஆளில்லாமல் இறங்கியது. ஆனால் எம்எஸ்-23இல் வரவேண்டிய அடுத்த குழு தரையிலேயே நின்றுவிட்டதால் இவர்கள் தங்கும் காலம் இரட்டிப்பானது. செப்டம்பரில் இறங்கும்போது 371 நாள். எந்த அமெரிக்கரும் ஒரே பயணத்தில் அவ்வளவு நாள் இருந்ததில்லை. சாதனை படைக்கும் எண்ணத்தோடு போனவர் இல்லை ரூபியோ, ஆறு மாதம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

அந்தத் தக்காளியை விட்டுவிட்டீர்களே! ரூபியோ மேலே வளர்த்துப் பறித்த குட்டித் தக்காளி மிதந்து எங்கோ போய்விட, தின்றுவிட்டார் என்று மாதக்கணக்கில் அவரைக் கிண்டல் செய்தார்கள். அவர் வீட்டுக்குப் போன பிறகு மற்றவர்கள் கண்டுபிடித்து, அவர் நிரபராதி என்று அறிவித்தார்கள். காய்ந்து சுருங்கிக் கிடந்ததாம்.

சுற்றுப்பாதை எழுதியது:

புரோகோபியெவுக்குத் துளை ராசி என்று சொல்ல வேண்டும். 2018இல் அவர் போன சோயுஸ் எம்எஸ்-09இலும் 2 மில்லிமீட்டர் துளை. அது விண்கல் இல்லை, துரப்பணம் போட்ட ஓட்டை. பசையும் துணியும் வைத்து அடைத்தார்கள். யார் போட்டது என்பதில் பெரிய ரகளை நடந்தது. அதை இங்கே இழுத்தால் இழை திசைமாறிவிடும்.

அரைப்பக்கம் எழுதியது:

இவ்வளவு விதி பேசுகிறீர்கள். சுனிதா வில்லியம்ஸ் விஷயத்தில் இந்த விதி எங்கே போனது? எட்டு நாள் என்று போனவர் 286 நாள் அங்கேயே கிடந்தார். எப்போது வேண்டுமானாலும் கூட்டி வந்திருக்கலாம், அரசியலுக்காக இழுத்தடித்தார்கள் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

சுற்றுப்பாதை எழுதியது:

எல்லோரும் சொல்வதை விடுங்கள், தேதிகளை வரிசையாகப் பாருங்கள்.

2024 ஜூன் 5இல் சுனிதாவும் புட்ச் வில்மோரும் போயிங்கின் ஸ்டார்லைனரில் கிளம்பினார்கள். ஆளோடு அதற்கு அதுவே முதல் பறப்பு. நிலையத்தை நெருங்கும்போது கலத்தைத் திருப்பி நகர்த்தும் சிறு எஞ்சின்களான 28 உந்துவான்களில் ஐந்து நின்றன, நான்கு மீண்டும் உயிர்பெற்றன. ஹீலியம் வேறு கசிந்தது. ஆகஸ்ட் 24இல் ஆளில்லாமல் இறக்குவது என்று நாசா முடிவு செய்தது. செப்டம்பர் 6இல் கலம் கிளம்பியது, நியூ மெக்சிகோவில் ஒழுங்காகவே இறங்கியது.

அன்று முதல் செப்டம்பர் 29 வரை அவர்களுக்கு முறையான சீட் கிடையாது. அவசரத்துக்கு, அங்கே நின்ற குரு-8 (Crew-8, நாசாவின் எட்டாவது டிராகன் குழுப் பயணம்) டிராகனின் சரக்குத் தரையில் மெத்தை போட்டு இடம் ஏற்பாடு செய்திருந்தார்கள். ரூபியோவுக்குச் செய்த அதே வித்தை. ஸ்டார்லைனர் உடையின் குழாய் இணைப்புகள் டிராகனில் பொருந்தாது என்பது இன்னொரு தலைவலி. நான் குறை சொல்வதென்றால் இந்த மூன்று வாரத்தைத்தான் சொல்வேன்.

செப்டம்பர் 29இல் குரு-9 டிராகன் இரண்டு காலி சீட்டோடு வந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்கு மற்றவர்களைப் போலவே வாசலில் கலம் இருந்தது.

உடனே ஏறி வந்திருக்கலாமே என்பீர்கள். அந்த டிராகன் கிளம்பினால் அதில் வந்த நிக் ஹேக்கும் அலெக்சாண்டர் கோர்புனோவும் கூடவே போக வேண்டும். அக்டோபரில் குரு-8உம் திரும்பிவிட்டது. மேலே மிஞ்சியிருப்பது யார்? சோயுஸ் எம்எஸ்-26இல் வந்த மூன்று பேர். இரண்டு ரஷ்யர்கள், ஓர் அமெரிக்கர். அந்த ஒருவர், டான் பெட்டிட், அமெரிக்கப் பகுதி முழுவதையும் தனியாகப் பார்க்க வேண்டும். சீட் பரிமாற்றம் இல்லாவிட்டால் அந்த ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

அரைப்பக்கம் எழுதியது:

சரி, ஒரு டிராகனைக் கூடுதலாக அனுப்பியிருக்கலாம். பணம்தான் பிரச்சினை என்றால் அதை நேராகச் சொல்லட்டும்.

இன்னொன்று. குரு-9இல் இடம் விட இறக்கப்பட்டவர்கள் ஜீனா கார்ட்மனும் ஸ்டெபனி வில்சனும். கார்ட்மன்தான் அந்தப் பயணத்தின் தளபதியாக இருக்க வேண்டியவர். வில்சன் ஷட்டிலில் மூன்று முறை போய்வந்தவர். ரஷ்யர் கோர்புனோவை மட்டும் விட்டுவைத்தார்கள். இது நியாயமா?

நீலப்புள்ளி எழுதியது:

நியாயம் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் கோர்புனோவை இறக்கியிருந்தால் டிராகனில் ரஷ்யர் இல்லை. சோயுஸ் கிளம்பும் நிலை வந்தால் ரஷ்யப் பகுதி அனாதை. சுற்றுப்பாதை முதலில் சொன்ன கணக்கு அங்கே உடைந்துவிடும். கட்டாயம் போக வேண்டியவர் கோர்புனோவ் என்று ஆனபிறகு, மிச்சமிருந்த ஒரு சீட்டில் அனுபவமுள்ள தளபதியைப் போட்டார்கள். ஹேக் 2018இல் ராக்கெட் நடுவழியில் கோளாறாகி, அவசரத் தப்பிப்பில் உயிரோடு இறங்கியவர். கார்ட்மனுக்கு அடுத்த ஆண்டு குரு-11 கிடைத்தது.

கூடுதல் டிராகனுக்குப் பணம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கலமும் வேண்டுமே. குரு-10க்கு என்று கட்டிய புது டிராகன் நேரத்துக்கு முடியவில்லை. பயன்படுத்திய பழைய கலத்தை எடுத்து, 2025 மார்ச்சில் அனுப்பினார்கள். அது வந்த பிறகுதான் மார்ச் 18இல் சுனிதா இறங்கினார்.

அந்தத் தாமதமான புதுக் கலம் எது தெரியுமா? கிரேஸ். ஜூன் 25இல் நம் சுபான்ஷு சுக்லா போனது அதில்தான்.

வான்நோக்கி எழுதியது:

இது எனக்குப் புதிது! சுக்லா போன அந்த ஆக்சியம்-4 பயணம் என்றாலே நம் ஊடகங்களில் சுக்லா ஒருவர்தான் தெரிந்தார். அமெரிக்காவின் பெக்கி விட்சன் தளபதி, போலந்து, ஹங்கேரி ஒவ்வொருவர். ஹங்கேரிக்கும் போலந்துக்கும் நம்மைப் போலவே நாற்பது ஆண்டு இடைவெளி. அவர்கள் நால்வரும் போனபோது மேலே 11 பேர் ஆகிவிட்டார்களே, எல்லோருக்கும் இடம் இருந்ததா?

சுற்றுப்பாதை எழுதியது:

இருந்தது. கிரேஸ் நால்வருக்கும், இன்னொரு டிராகன் நால்வருக்கும், சோயுஸ் மூவருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தங்கி, ஜூலை 15இல் சான் டியாகோ அருகே கடலில் இறங்கும்வரை கிரேஸ் வாசலிலேயேதான் நின்றது.

பழையரேடியோ எழுதியது:

இளைஞர்களே, இழையை ரசித்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1984ஐ யாரும் தொடவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3இல் சோயுஸ் டி-11இல் போனார். ஏப்ரல் 11இல் திரும்பியது சோயுஸ் டி-10இல். போன கலம் வேறு, வந்த கலம் வேறு. இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், முதலில் நம்பமாட்டார்கள்.

சோவியத்தின் சல்யூட்-7 விண்வெளி நிலையத்தில் பிப்ரவரியிலிருந்தே கிசிம், சொலோவ்யோவ், அத்கோவ் மூவரும் தங்கியிருந்தார்கள். அவர்கள் அக்டோபர் வரை இருக்க வேண்டும். ஆனால் சோயுஸை விண்ணில் அவ்வளவு நாள் நிறுத்தி வைக்க முடியாது. இறங்கும்போது கூண்டைத் திருப்பும் உந்துவான்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. அது நாளாக ஆகத் தானே சிதைந்துகொண்டே இருக்கும். இன்றைய சோயுஸுக்குக்கூட ஏறக்குறைய 200 நாள்தான் கெடு.

அப்போது செய்த ஏற்பாடுதான் விருந்தாளிப் பயணம். இரண்டு சோவியத் வீரர்களும் ராகேஷ் சர்மாவும் புத்தம்புதுக் கலத்தைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பழையதில் ஏறி வந்தார்கள். படுக்கைகளை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மாற்றிக்கொண்டார்கள். தங்கியிருந்த மூவரும் 237 நாள் கழித்து, நம்மவர் போன டி-11இல் இறங்கினார்கள்.

தோழமை, கௌரவம் எல்லாம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கூடவே, கலம் மாற்ற எப்படியும் ஒரு பயணம் போயே ஆக வேண்டும், அதில் ஒரு சீட் இருந்தது.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஐயா, பள்ளியில் பத்து முறை ராகேஷ் சர்மா பாடம் படித்திருப்பேன். ஒரு வாத்தியாரும் இதைச் சொன்னதில்லை.

அரைப்பக்கம் எழுதியது:

சீனர்கள் இதில் கெட்டிக்காரர்கள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

நீலப்புள்ளி எழுதியது:

கெட்டிக்காரத்தனமும் உண்டு, பதற்றமும் உண்டு. 2025 நவம்பர் 5இல் ஷென்சோ-20 கலத்தின் குழு சீனாவின் தியாங்கோங் நிலையத்திலிருந்து இறங்க வேண்டும். விண்குப்பை அடித்து, சன்னல் கண்ணாடியில் விரிசல் தெரிந்தது. இறக்கம் ரத்து. நவம்பர் 14இல் அந்த மூவரும், புதிதாக வந்த குழுவின் ஷென்சோ-21ஐ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். மேலே இருந்த மூவருக்கு மிஞ்சியது விரிசல் விட்ட கலம் மட்டும்.

ஆனால் சீனா ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு மாற்று ராக்கெட்டையும் கலத்தையும் ஜியுச்சுவான் ஏவுதளத்தில் தயாராக வைத்திருக்கிறது. நவம்பர் 25இல் ஷென்சோ-22 ஆளில்லாமல் கிளம்பிப் போய் இணைந்தது. 11 நாளில் வேலை முடிந்தது. எம்எஸ்-22 விவகாரத்தில் மாற்றுக் கலம் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

வான்நோக்கி எழுதியது:

அடுத்த கேள்வி இயல்பாகவே வருகிறது. 2035இல் நமக்கென்று பாரதிய அந்தரிக்ஷ நிலையம் என்கிறார்கள். முதல் பகுதி 2028இல் என்று 2024இலேயே அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது. இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் சோதனையில் விண்ணில் இரண்டு கலங்களை இணைத்தும் காட்டியாகிவிட்டது. நமக்குத் திரும்பி வரும் சீட்?

சுற்றுப்பாதை எழுதியது:

ஆட்களை அனுப்பும் நம் ககன்யானில் திட்டமிட்டிருப்பது மூன்று பேர், மூன்று நாள், 400 கிலோமீட்டர் உயரம். போய்ச் சுற்றிவிட்டு இறங்குவது. நிலையத்துக்கு அது போதாது. வாசலில் மாதக்கணக்கில் உறங்கிவிட்டு, கூப்பிட்ட நேரத்தில் எழுந்து கிளம்ப வேண்டும். எரிபொருள், பேட்டரி, ரப்பர் சீல், பாராசூட் எல்லாம் அந்த உறைபனியிலும் வெயிலிலும் நாள்பட நிற்க வேண்டும். இணைப்பதைவிட இந்தக் காத்திருப்புதான் கடினம் என்பது என் கருத்து.

நீலப்புள்ளி எழுதியது:

கலம் ஒன்று போதாது, ராக்கெட் ஒன்று போதாது, ஏவுதளமும் ஒன்று போதாது. 2025 நவம்பர் 27இல் கஜகஸ்தானின் பைக்கோனூரில் சோயுஸ் எம்எஸ்-28 நல்லபடியாகத்தான் கிளம்பியது. ஆனால் அடியில் இருந்த பராமரிப்பு மேடை கழன்று, ராக்கெட்டின் நெருப்பு வெளியேறும் பள்ளத்தில் விழுந்தது. ரஷ்யா ஆட்களை அனுப்பப் பயன்படுத்தியது அந்த ஒரே தளம்தான். ராக்கெட்டும் கலமும் கையில் இருந்தும், அன்றிரவு அவர்களால் மாற்றுச் சோயுஸ் அனுப்ப வழியில்லை.

ஸ்ரீஹரிகோட்டாவில், ககன்யானை ஏற்றிப்போகும் எல்விஎம்3 ராக்கெட் கிளம்புவது இரண்டாவது தளத்திலிருந்து மட்டும். மூன்றாவது தளத்துக்கு 2025 ஜனவரியில் 3984 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி அனுமதித்திருக்கிறார்கள், இரண்டாவதுக்கு மாற்றாகவும் அது பயன்படும் என்று சொல்லியே. பெரிய ராக்கெட்டுக்காக என்றுதான் செய்திகளில் வந்தது. எனக்கென்னவோ அந்த மாற்றுத் தளம் என்ற வரிதான் முக்கியமாகப் பட்டது. அது முடியும்வரை நம் நிலையத்தில் யாரையும் இரவு தங்கவைக்கக் கூடாது.

அரைப்பக்கம் எழுதியது:

அப்படிப் பார்த்தால் முதல் குழு காலையில் போய் மாலையில் திரும்பிவிடுமா?

நீலப்புள்ளி எழுதியது:

மாலைக்குள் என்றில்லை, சில நாள் இருக்கட்டும். ஆனால் வந்த கலம் தயார்நிலையில் இருக்கும்போதே, அதிலேயே திரும்பிவிட வேண்டும். சோவியத்தின் சல்யூட், அமெரிக்காவின் ஸ்கைலேப் நிலையங்களின் காலத்திலும் படிப்படியாகத்தான் நாளைக் கூட்டினார்கள். ஆறு மாதம் தங்குவதெல்லாம் இரண்டாவது கலமும் இரண்டாவது தளமும் வந்த பிறகு.